மாட்டுக்குத் தெரியுமா வைசாகி?



இத்தாலினு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீட்ஸா, சாய்ஞ்ச கோபுரம், தண்ணியில மிதக்கிற வெனிஸ், சிவப்பு கலர் ஃபெராரி. ஃபுட்பால் பைத்தியங்களுக்கு 2006 ஃபைனல்ல ஸிடான்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கின மாத்தராஸி. எனக்கும் இதே லிஸ்ட்தான் இருந்தது, 2023 ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை வரைக்கும். அன்னைக்கு அந்த லிஸ்ட்ல முதல் இடத்துக்கு ஒரு மாட்டுத் தொழுவம் வந்துடுச்சு. எப்படினு சொல்றேன், கேளுங்க.

பொலோன்யா நகரத்துல எனக்கு நாலு நாள் வேலை. நடுவுல ஒரு சனிக்கிழமை ஃப்ரீ. பக்கத்துல பிரெஷெல்லோனு ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்கே போயிட்டு வரலாம்னு பிளான். எதுக்குனா, தான் கமில்லோனு ஒரு கோவக்காரப் பாதிரியார், பெப்போனேனு ஒரு கம்யூனிஸ்ட் மேயர், ரெண்டு பேரும் ஊருக்கு நடுவுல ஓயாம சண்டை போட்டுக்கிற ஒரு படம் 1952-ல வந்தது. பிளாக் அண்ட் ஒயிட்தான், ஆனா செம காமெடி. அதை எடுத்த ஊர் பிரெஷெல்லோ. ரெண்டு பேருக்கும் அந்த ஊர் சதுக்கத்துல சிலையே வெச்சிருக்காங்க. சிலைக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும், அவ்வளவுதான் லட்சியம்.

ரெஜியோ எமிலியா ஸ்டேஷன்ல இறங்கி, குவஸ்தால்லா போற குட்டி ரயிலுக்கு மாறணும். மாறினேன். ஏறினா, உள்ளே தலைப்பாகை!

ஒண்ணு ரெண்டு இல்லை. ஆரஞ்சு, நீலம், கறுப்பு, ரோஸ்னு பெட்டி முழுக்கத் தலைப்பாகை. ஜரிகை துப்பட்டா போட்ட அக்காக்கள், மடியில பெரிய பெரிய பாத்திரத்தோட பாட்டிகள், முடியைத் தூக்கிக் குடுமி கட்டிட்டு இத்தாலியன்ல சண்டை போட்டுக்கிற வாண்டுகள். அமிர்தசரஸ் பாசஞ்சர்ல தப்பா ஏறிட்டோமோனு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தட்டையா, சதுரம் சதுரமா வயல். எங்கேயும் ஒரு மேடு கிடையாது. அது வேற பஞ்சாப் மாதிரியே இருந்து தொலைச்சது.

அரை மணி நேரத்துல நொவெல்லாராங்கிற ஸ்டேஷன்ல பெட்டி மொத்தமும் இறங்கினது. என் கால் என்னைக் கேட்காமலே கூட இறங்கிடுச்சு. தான் கமில்லோ இன்னைக்கும் எனக்காக வெயில்ல நின்னுட்டு இருக்கார்.

நொவெல்லாரா ஜனத்தொகை பதிமூணாயிரத்துச் சொச்சம். நம்ம ஊர்ல ரெண்டு பெரிய இன்ஜினீயரிங் காலேஜைச் சேர்த்தா வந்துடும். நடுவுல கோன்ஸாகா பரம்பரை கட்டின கோட்டை, அதுதான் இப்போ முனிசிபாலிட்டி ஆபீஸ். தூண் வெச்ச நடைபாதை, அதுல காபிக் கடை, சைக்கிள்ல மெதுவா போற தாத்தாக்கள். தர்பூசணிக்குப் பேர் போன ஊர். மத்த நாள்ல மதியம் அந்த வீதியில ஒரு குரல் கேட்காதாம். நான் போய் இறங்கினதோ வைசாகி ஊர்வல நாள்.

முன்னாடி சில பேர் துடைப்பத்தால ரோட்டைப் பெருக்கிட்டே போறாங்க, பின்னாலேயே வாளியில தண்ணி ஊத்திக் கழுவுறாங்க. அதுக்குப் பின்னாடி வெறுங்காலோட, கையில வாளோட, காவி உடையில அஞ்சு பேர். அப்புறம் பூ அலங்காரம் பண்ணின வண்டியில கிரந்த் சாஹிப். பால்கனியில இத்தாலியப் பாட்டிங்க நம்ம ஊர்த் தேர் பார்க்கிற மாதிரியே கன்னத்துல கை வெச்சுப் பார்க்குறாங்க. ஓரமா நின்ன போலீஸ்காரர் ஒரு கையில வாக்கி டாக்கி, ஒரு கையில பக்கோடா!

சைக்கிளைத் தள்ளிட்டு வந்த ஒரு தாத்தா (எண்பது வயசு இருக்கும், சுத்தமான இத்தாலிக்காரர்) என்னைப் பார்த்து நின்னார். கையைக் கூப்பி, "சத் ஸ்ரீ அகால்!" அப்படின்னார். எனக்கு என்ன சொல்றதுனு தெரியலை. "போன்ஜோர்னோ"னு அவர் பாஷையிலேயே வணக்கம் சொன்னேன். மனுஷன் முகத்துல அப்படி ஒரு ஏமாற்றம்!

இந்த அவமானத்தை ஒரு பொண்ணு பார்த்துட்டு இருந்தா. பதினேழு வயசு. ஜீன்ஸ், ஸ்னீக்கர்ஸ், தலையில ஆரஞ்சுத் துணி. எனக்கும் ஒரு ஆரஞ்சுத் துணியை நீட்டி, தலையில கட்டிக்கச் சொல்லிட்டு, பேப்பர் கப்புல டீயும் கொடுத்தா. பின்னாடியே அவளோட அப்பா. வெள்ளைத் தாடி, பெரிய கை. என்னைப் பார்த்ததும் மனுஷர் இந்தியில பொழிய ஆரம்பிச்சுட்டார். எனக்குத் தெரிஞ்ச இந்தி மூணாவது வாக்கியத்தோட தீர்ந்துபோச்சு. "தோடா தோடா"ன்னேன்.

"இந்தியாதானே நீங்க? இந்தி தெரியாதா?"

"சென்னை. தமிழ்."

அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்குப் பஞ்சாபி வராது. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? ரெண்டு இந்தியர்கள் பேசிக்கிறதுக்கு, இத்தாலியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பொண்ணு பஞ்சாபிக்கும் இங்கிலீஷுக்கும் நடுவுல மொழிபெயர்த்தா. அவளுக்கு ஒரே சிரிப்பு. "அங்கிள், உங்க நாட்டுல எல்லாரும் இப்படித்தான் பேசிப்பீங்களா?"

உங்க நாடு! அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்குங்க.

சரி, இவ்வளவு பேர் இங்கே என்ன பண்றாங்க? சீஸ்.

பார்மஜானோ ரெஜியானோ, நம்ம மெனு கார்டுல பார்மெசான்னு போட்டு, எழுபது ரூபா எக்ஸ்ட்ரா வாங்குவாங்களே, அதோட ஒரிஜினல். அந்தப் பேருலேயே ரெஜியோ எமிலியா ஒளிஞ்சிட்டு இருக்கு. பார்மா, ரெஜியோ எமிலியா, மோதெனா, அப்புறம் பொலோன்யா, மான்டோவா மாகாணங்கள்ல கொஞ்சம் பகுதி, இதுக்கு வெளியே பண்ணினா ஐரோப்பாவுல அந்தப் பேரைச் சொல்லி விற்க முடியாது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதுக்கு 550 லிட்டர் பால் வேணும். சாயந்திரம் கறந்த பாலை ராத்திரி முழுக்க வெச்சு ஆடையை எடுத்துட்டு, மறுநாள் காலையில கறந்த பாலோட கலந்து, செம்புக் கொப்பரையில காய்ச்சுவாங்க. அப்புறம் உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, குறைஞ்சது 12 மாசம் அலமாரியில தூங்க விடணும். கடைசியில ஒருத்தர் சின்னச் சுத்தியலால தட்டித் தட்டி, சத்தத்தை வெச்சே உள்ளே ஓட்டை, விரிசல் இருக்கானு சொல்லிடுவார். நம்ம ஆளுங்க தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அதே டெக்னிக்! இன்னொண்ணு, கிரெடிடோ எமிலியானோனு அந்த ஊர் பேங்க் ஒண்ணு இந்தச் சீஸ் சக்கரங்களை அடமானம் வாங்கிட்டு லோன் கொடுக்குது. நம்ம ஊர் நகைக்கடன் மாதிரி, குடோன் முழுக்கச் சீஸ். காமர்ஸ் படிக்கிறவங்க புராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைனு அழாதீங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மாடு ஞாயித்துக்கிழமை லீவு எடுக்காது. விடிகாலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, கிறிஸ்துமஸா இருந்தாலும் கறந்தே ஆகணும். 1980-கள்ல இத்தாலிப் பசங்களுக்கு அந்த வேலை பிடிக்கலை. ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் போயிட்டாங்க. அந்த நேரத்துலதான் பஞ்சாப்ல இருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. 1990-ல ஒரு சட்டம் வந்து, பேப்பர் இல்லாம இருந்த பல பேருக்கு அனுமதி கிடைச்சது. எருமைக்கு நடுவுல பிறந்து வளர்ந்தவனுக்கு மாடு கறக்க யார் டிரெய்னிங் தரணும்? ஒருத்தர் தம்பியைக் கூட்டிட்டு வந்தார், தம்பி மச்சானைக் கூட்டிட்டு வந்தார். 2000-ம் வருஷம் அக்டோபர்ல இதே நொவெல்லாராவுல பெரிய குருத்வாரா திறந்தாங்க. திறந்து வெச்சவர் ரோமானோ ப்ரோடி. இத்தாலி பிரதமரா இருந்தவர், அன்னைக்கு ஐரோப்பிய கமிஷன் தலைவர். அவரும் இதே ரெஜியோ எமிலியா மாகாணத்துக்காரர்தான்.

இதெல்லாம் பேசிட்டு இருக்கும்போதே அந்த அப்பா வாட்சைப் பார்த்தார். மணி மூணே முக்கால். ஊர்வலம் இன்னும் முடியலை, ஜிலேபி அப்போதான் சூடா வந்திருக்கு. "கிளம்பணும்"ன்னார். இன்னைக்கு வைசாகியாச்சேனு நான் கேட்டதுக்கு, பொண்ணு மொழிபெயர்த்த பதில்: "மாட்டுக்குத் தெரியுமா வைசாகி?"

நானும் வரட்டுமானு கேட்டேன். கூச்சமே இல்லாம!

ஊருக்கு வெளியே பழைய செங்கல் வீடு, பக்கத்துல நீளமான தொழுவம். கறுப்பு வெள்ளை மாடுங்க ஒரு நூறு இருக்கும். நாத்தமே இல்லைனு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு மேல காய்ஞ்ச புல்லோட வாசனை நல்லா இருந்துச்சு. இந்தச் சீஸுக்குப் பால் கொடுக்கிற மாடுகளுக்கு ஊறப்போட்டுப் புளிக்க வெச்ச தீவனம் கொடுக்கவே கூடாதுனு ரூல், புல்லும் வைக்கோலும்தான் முக்கியச் சாப்பாடு. அவர் ஜிலேபி ஒட்டின கையைக் கழுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிட்டு, ஒவ்வொரு மாட்டோட முதுகையும் ஒரு தட்டு தட்டிட்டு மெஷினை மாட்டிட்டே போனார். இப்படி 26 வருஷம். அந்த ஊர்ல இந்த வேலை பார்க்கிறவருக்குப் பெர்காமினோனு பேர்.

முதலாளி வந்தார். எழுபது வயசு இத்தாலியப் பெரியவர். ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிச்சாங்க. என்ன சொல்றாங்கனு பொண்ணைக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினா. "தெரியலை அங்கிள். அது இத்தாலியன் இல்லை, இந்தப் பக்கத்து வட்டார பாஷை. என் கிளாஸ்ல ஒருத்தருக்கும் வராது. அவங்க தாத்தாங்க பேசுறது. எங்க அப்பாவுக்கு இத்தாலியனே சுமார்தான், ஆனா இது தண்ணி பட்ட பாடு." இத்தாலிப் பேரன்கள் மறந்துபோன பாஷையை ஜலந்தர்க்காரர் ஒருத்தர் பேசிட்டு இருக்கார். நான் அங்கே ஒரு வைக்கோல் கட்டு மேல உட்கார்ந்துட்டேன்.

பேச்சு அவ படிப்பு பக்கம் திரும்பினது. ரெஜியோவுல நம்ம பிளஸ் ஒன் மாதிரி ஒரு கிளாஸ். அந்த வருஷம் ஸ்கூல்ல லண்டன் டூர். கிளாஸ்ல எல்லாரும் போனாங்க, இவ போகலை. விசா நேரத்துக்கு வரலை.

விசாவா? இத்தாலியிலேயே பிறந்த பொண்ணுக்கு எதுக்கு விசா?

அங்கேதான் விஷயம். இத்தாலியில பிறந்துட்டா இத்தாலியக் குடிமகன் ஆகிட முடியாது. 1992-ல போட்ட சட்டம். அப்பா அம்மா வெளிநாட்டவர்னா, பிறந்ததுல இருந்து விட்டுப்போகாம அங்கேயே வசிச்சு, 18 வயசு முடிஞ்சதும் ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பம் கொடுக்கணும். அதுவரைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். தன் வாழ்க்கையில மொத்தம் ரெண்டு தடவை பார்த்த நாட்டோட பாஸ்போர்ட்! "இத்தாலியில 'எந்த ஊர் நீ'ம்பாங்க. நொவெல்லாரானு சொல்வேன். 'சரி, நிஜமா எந்த ஊர்?'ம்பாங்க. ஜலந்தர் போனா 'இத்தாலிக்காரி வந்துட்டா'ம்பாங்க."

அப்பா இவ்வளவு வருஷமா இருக்காரே, அவர் வாங்கியிருந்தா மைனர் பொண்ணுக்கும் கிடைச்சிருக்குமே? கேட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுக்காது. இத்தாலிப் பாஸ்போர்ட் வாங்கினா இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கணும். அவருக்கு மனசு வரலை. அந்த ஒரு நீல நிறப் புத்தகத்தை வெச்சு வீட்டுல நடந்த சண்டைகளை அவ சொன்னா. அதை நான் இங்கே எழுதப் போறதில்லை.

அவளுக்கு ஒரு அண்ணன். 19 வயசு. பஞ்சாப்ல பிறந்து, பாட்டிகிட்ட வளர்ந்து, 2016-ல 12 வயசுல வந்தவன். அதே தொழுவத்துல அப்பாவுக்கு ஒத்தாசை. அவனுக்கு 18 வயசு ரூட் கிடையாது. பத்து வருஷம் தொடர்ந்து வசிச்சதுக்கு ஆதாரம், வருமானக் கணக்கு, அப்புறம் வரிசையில நின்னு காத்திருக்கணும். தங்கச்சி இத்தாலிக்காரி ஆகிடுவா, அண்ணன் வெளிநாட்டுக்காரன். ஒரே வீடு, ஒரே டைனிங் டேபிள்.

இத்தாலி முழுக்க இதுதான் நிலைமை, கஷ்டம்னா இவ்வளவுதான்னு நினைச்சுடாதீங்க. ரோமுக்குத் தெற்கே லாத்தினா பக்கம் காய்கறிப் பண்ணைகள்ல வேலை பார்க்கிற பஞ்சாபிகள் கதையே வேற. 2024 ஜூன்ல அங்கே சத்னாம் சிங்னு 31 வயசுத் தொழிலாளி ஒருத்தருக்கு மெஷின்ல மாட்டிக் கை துண்டாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம, அவர் வீட்டு வாசல்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. துண்டான கை ஒரு பழக்கூடையில. ரெண்டு நாள் கழிச்சு இறந்துட்டார். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அந்த ரப்பர் பூட்ஸ்தான் கண்ணு முன்னாடி வந்தது.

ஓகே, தொழுவத்துக்கு வர்றேன். கறவை முடிஞ்சதும் முதலாளியம்மா ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில கொடுத்தாங்க. 24 மாசம் முத்தின சீஸ். நான் ஒரு துண்டு உடைச்சு வாயில போட்டேன். அந்த அப்பாவுக்கும் நீட்டினேன். கையைக் கூப்பி வேண்டாம்னுட்டார். பொண்ணு சொன்னா, "அப்பா சுத்த சைவம்." சைவம்னா சீஸ் சாப்பிடலாமே? கூடாது. பாலைத் திரிய வைக்கிறதுக்குக் கன்னுக்குட்டியோட வயித்துல இருந்து எடுக்கிற ஒரு பொருளைச் சேர்ப்பாங்க. பார்மஜானோவுக்கு அதைத்தான் சேர்க்கணும்னே ரூல். (ஹாஸ்டல்ல சைவ மெஸ் கார்டு வெச்சுக்கிட்டு பாஸ்தா மேல துருவிப் போட்டுச் சாப்பிடுறவங்க, சாரி, தெரியாம சொல்லிட்டேன்.)

26 வருஷமா அவர் கறந்த பால்ல இருந்து எத்தனை ஆயிரம் சக்கரம் போயிருக்கும்? ஒரு துண்டு கூட நாக்குல பட்டதில்லை. ஆனா அவர் என் முகத்தையே உத்துப் பார்த்துட்டு இருந்தார். "எப்படி இருக்குனு கேட்கிறார்"னா பொண்ணு. இங்கிலீஷ்ல சொன்னேன்: முதல்ல உப்பு, அப்புறம் நல்லா முறுகின பால்கோவா மாதிரி, நடுவுல கல்கண்டு கடிபடுற மாதிரி சின்னச் சின்ன மணி. அவ அதைப் பஞ்சாபியில சொன்னா. அவர் தலையை ஆட்டி, அதை அப்படியே முதலாளிகிட்ட வட்டார பாஷையில சொன்னார். முதலாளி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பால்கோவாவை அவர் எப்படி மொழிபெயர்த்தார்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

ஸ்டேஷன்ல கொண்டுவந்து விட்டாங்க. ரயிலுக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு சும்மாதான் கேட்டா: "அங்கிள், உங்க ஊர்ல எங்க ஆளுங்களைப் பத்தி என்ன சொல்வாங்க?"

எனக்குச் சட்டுனு என் ஹாஸ்டல் ரூம் ஞாபகம் வந்தது. 2004, நோக்கியா 1100, மாசத்துக்கு ஒரு எஸ்.எம்.எஸ் பேக். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா, வரிசையா சர்தார்ஜி ஜோக். நான்தான் எங்க விங்குக்கே மெயின் சப்ளையர். டெல்லிக்கு இன்டர்வியூ போன இடத்துல ஒருத்தன் என்னை 'மதராஸி'னு கூப்பிட்டதுக்கு மூணு நாள் கோவமா திரிஞ்சவனும் நான்தான்.

"நல்லா சாப்பாடு போடுவாங்கனு சொல்வாங்க"ன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ சிரிச்சா. "பன்னெண்டு மணி ஜோக் எல்லாம் எனக்கும் தெரியும், அங்கிள். வாட்ஸ்அப்ல பஞ்சாப்ல இருந்தே வரும்."

ரயில் வந்துடுச்சு. நல்லவேளை.

மெயில் ஐ.டி. வாங்கிட்டுப் போனவ, ரெண்டு தடவை எழுதினா. 2024-ல ஒண்ணு. 18 முடிஞ்சது, விண்ணப்பம் கொடுத்து, நான் முதல்ல பார்த்த அந்தக் கோட்டைக்குள்ள இருக்கிற ஆபீஸ்ல உறுதிமொழி எடுத்தாச்சு. அப்பா தொழுவத்துல இருந்து நேரா பூட்ஸோட வந்து நின்னாராம்.

ரெண்டாவது மெயில், 2025 ஜூன். அந்த மாசம் 8, 9 தேதிகள்ல இத்தாலியில ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. அதுல ஒரு கேள்வி, குடியுரிமைக்கு பத்து வருஷம் வசிக்கணும்ங்கிறதை அஞ்சு வருஷமா குறைக்கலாமா? பாதி வாக்காளர்களுக்கு மேல வந்து ஓட்டுப் போட்டாதான் முடிவு செல்லும். வந்தது சுமார் 30 சதவிகிதம். செல்லாம போச்சு.

அவளோட முதல் ஓட்டு அது. பூத் வரைக்கும் பைக்ல கொண்டுபோய் விட்டது அவ அண்ணன். அவனுக்காகத்தான் போட்டாளாம். அவன் வாசல்லயே பைக்கை ஸ்டாண்ட் போட்டு நின்னானாம். உள்ளே போக அவனுக்கு ஓட்டு இல்லையே. நாலு மணிக்குக் கறவை இருக்கு, சீக்கிரம் வா அப்படின்னானாம்.